வெள்ளை மூடிப் பெட்டி

அக்டோபர் 9

மழை இல்லை. காற்றில் ஈரம் எண்பத்து நான்கு சதவீதம் என்று காலை வானொலியில் சொன்னார்கள்.

இன்று முதல் கனியின் ஆய்வகத்தில் நான் உதவியாளர். சம்பளம் கிடையாது. பத்தரைக்கு ஒரு காபி உண்டு. உதவியாளர் பிலோமி பிரசவ விடுப்பில் போயிருக்கிறாள், ஏப்ரலில்தான் திரும்புவாள். கல்லூரி வேறு ஆள் போடவில்லை. கனியே முதல்வரிடம் போய்க் கேட்டு எனக்கு அனுமதி வாங்கினாள். கடிதத்தில் 'திரு. ஆறுமுகநயினார், ஓய்வுபெற்ற நிருபர்' என்று போட்டிருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தையும் மழையையும் எழுதியவன், இப்போது சோதனைக் குழாய் கழுவுகிறேன். ஒன்பது கழுவினேன். ஒன்று உடைந்தது.

கனி என் மனைவி. முழுப்பெயர் செந்தூர்க்கனி. இந்தக் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர், வயது ஐம்பத்தெட்டு, வரும் மே மாதம் ஓய்வு. ஒன்பது வருடமாகப் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். பல்கலைக்கழகம் இரண்டு முறை நீட்டிப்பு கொடுத்துவிட்டது. டிசம்பர் 31-க்குள் ஆய்வுச் சுருக்கத்தைக் குழு முன் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவு ரத்து. மூன்றாவது நீட்டிப்பு இல்லை என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

துறை வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது. அவள் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு எழுதியிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். பெயின்டர் தவறு என்றாள்.

அக்டோபர் 11

மழை இல்லை.

சிலிக்கா என்றால் மணல்தான் என்றாள் கனி. மணலை உருக்காமலே கண்ணாடி செய்யும் முறை இது. ஒரு திரவம், கொஞ்சம் ஆல்கஹால், கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு அமிலம். கலக்கி வைத்தால் மூன்று நாளில் பாயசம் கெட்டியாவது போல உறையும், அதற்கு ஜெல் என்று பெயர். பிறகு இரண்டு மூன்று வாரம் மெதுவாக உலர்ந்து, கால்வாசியாகச் சுருங்கி, கண்ணாடித் துண்டாகிவிடும்.

உறைவதற்கு முன்னால் அதில் யூரோப்பியம் என்ற உலோகத்தின் சேர்மத்தைக் கலக்கிறாள். புற ஊதா விளக்கைக் காட்டினால் அது சிவப்பாக ஒளிரும். இந்தக் கண்ணாடிக்குள் அடைபட்டால் அதன் வெளிச்சம் கூடுமா, குறையுமா, ஏன்? ஒன்பது வருடமும் இந்தக் கேள்விதான்.

"தண்ணிதான் எதிரி," என்றாள். "ஜெல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துளை ஆயிரம் இருக்கும். எல்லாத்துலயும் தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கும். உலோகத்துக்கிட்ட வெளிச்சமா விட வேண்டிய சக்தி ஒண்ணு இருக்குதுன்னு வைங்க. பக்கத்துல நிக்கிற தண்ணி அதைப் பிடுங்கிச் சூடாக்கிப்போடும். வெளிச்சம் வராது."

"பொதுக்கூட்டத்துல பேச்சாளர் பக்கத்துலயே நின்னு மைக்கைப் பிடுங்குற ஆள் மாதிரி."

"எழுதி வச்சுக்கிடுங்க, வகுப்புல சொல்லுதேன்."

பன்னிரண்டு பன்னிரண்டாக இருபத்து நான்கு சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் ஊற்றினோம். முதல் பன்னிரண்டு வழக்கமான கலவை. அவை நீல மூடிப் பெட்டிக்குள் போயின. அடுத்த பன்னிரண்டில் ஃபார்மமைடு என்ற திரவம் சில சொட்டு சேர்த்தாள். அது இருந்தால் உலரும்போது விரிசல் விடாது, துளைகளும் ஒரே அளவாக வரும் என்று படித்திருக்கிறாள். அவை வெள்ளை மூடிப் பெட்டிக்குள். ஒவ்வொரு குப்பியின் வாயிலும் மெல்லிய தாள் ஒட்டி, தையல் ஊசியால் ஒரு துளை. மொத்தம் இருபத்து நான்கு துளை குத்தினேன். அது ஒரு நல்ல வேலை.

"குப்பியைத் தொடாதிய. அது பாட்டுக்கு உலரட்டும்," என்றாள்.

அக்டோபர் 14

மழை 3 மி.மீ. உறைந்துவிட்டது. குப்பியைச் சாய்த்தால் அசையவில்லை. சாய்த்தது கனி. நான் தொடவில்லை.

அக்டோபர் 18

மழை 11 மி.மீ.

பகல் பதினோரு மணிக்கு இருட்டறை. கல்லூரிப் புகைப்படக் கழகம் இருந்த காலத்து அறை, கறுப்புத் திரை இன்னும் நன்றாக இருக்கிறது. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். குறித்துக்கொள்ள விளக்குப் போட்டால் மறுபடி பத்து நிமிடம் போய்விடும். அதனால் கனி பார்த்துச் சொல்ல, நான் இருட்டிலேயே எழுதினேன். மாதிரிக்கு வெளியிலிருந்து வாங்கி வைத்திருக்கும் ஒரு துண்டைப் பத்து என்று வைத்து மற்றவற்றுக்கு எண் கொடுக்கிறாள். எதுவும் மூன்றைத் தாண்டவில்லை. வெளியே வந்து பார்த்தால் ஒரு வரிகூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதிப் பழகிய கை. "இதுக்குத்தான் உங்களைக் கூட்டியாந்தேன்," என்றாள்.

குப்பியை அவள் முகத்தருகே தூக்கியபோது வலது காதின் பின்னால் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. அங்கே சிறிய மச்சம் இருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

மதியம் அவள் வகுப்புக்குப் போனாள். இருட்டறை அலமாரியில் பழைய கேமராப் பெட்டி கிடந்தது. கேமரா இல்லை. ஈரம் உறிஞ்சப் போட்டு வைக்கும் மணிகள் மட்டும் இருந்தன, ஈரமேறி இளஞ்சிவப்பாக. வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும் என்று எங்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர் சவேரிமுத்து காட்டிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டியில் பதினைந்து நிமிடம் வறுத்தேன். அருமையான நீலம். சட்டியை நன்றாகக் கழுவி வைத்தேன். மணிகளை வீணாக்க மனமில்லை. கைக்குட்டையில் முடிந்து, பூஞ்சை பிடிக்காமல் இருக்கட்டும் என்று வெள்ளை மூடிப் பெட்டியின் ஓரத்தில், குப்பித் தாங்கியின் அடியில் செருகினேன். நீல மூடிப் பெட்டியில் இடமில்லை. குப்பிகளைத் தொடவில்லை.

அக்டோபர் 23

மழை 2 மி.மீ. குழாய் கழுவினேன். எதுவும் உடையவில்லை.

இயற்பியல் ஆசிரியை ரெஜினா, இருட்டறைச் சாவி வாங்க வந்தவர், "என்ன அண்ணாச்சி, ரிட்டயர் ஆனதும் மேடம் உங்களை இருட்டுல அடைச்சுட்டாங்களாமே?" என்றார்.

"பகல்ல மட்டும்தான்," என்றேன்.

நவம்பர் 3

மழை 19 மி.மீ. மாடியில் என் மழைமானிக்குள் ஒரு தவளை. அதை எடுத்துவிட்ட பின் அளந்தது 19. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

இருட்டறை. நீல மூடிக் குப்பிகள் இரண்டு, மூன்று என்றே போயின. நான் எழுதிக்கொண்டே வந்தேன். வெள்ளை மூடி முதல் குப்பிக்கு எண் வரவில்லை.

"கனி?"

"எட்டு," என்றாள். பிறகு, "இல்ல, இருங்க. எட்டுதான்."

அடுத்ததும் எட்டு. அதற்கடுத்தது ஒன்பது. என் தாளைத் தூக்கிப் பிடித்திருந்தால் அந்தச் சிவப்பில் வரியைப் படித்திருக்கலாம். பன்னிரண்டில் ஐந்து விரிசல் விட்டிருந்தன. ஏழு முழுசு. எடை போட்டுப் பார்த்தாள். நீல மூடித் துண்டுகளைவிட வெள்ளை மூடித் துண்டுகள் எடை குறைவு.

"ஃபார்மமைடு தண்ணியை வெளிய தள்ளிருக்கு," என்றாள். சற்றுக் கழித்து, "ஆனா விரிசல் விடக்கூடாதுன்னுதான அதைச் சேர்த்தேன். அஞ்சு போயிருக்கே," என்றாள்.

வரும் வழியில் கடலைமிட்டாய் வாங்கினாள். நடந்துகொண்டே தின்றாள். தெருவில் நின்று தின்னும் ஆள் இல்லை அவள்.

நவம்பர் 6

மழை இல்லை. குப்பிகளைக் கனி நாளைய பயணத்துக்கு எடுத்து அடுக்கிவிட்டாள். காலிப் பெட்டிகளைத் துடைத்தேன். கைக்குட்டை மணிகள் மறுபடி இளஞ்சிவப்பாகிவிட்டன. வறுக்க வேண்டும். இப்போதைக்கு இருட்டறை மேசை இழுப்பறையில் போட்டேன்.

நவம்பர் 7

திருநெல்வேலி. பல்கலைக்கழகக் கருவியறை. கனியின் நெறியாளர் பேராசிரியர் தாணுலிங்கம் நாகர்கோவில்காரர், கனியைவிட ஆறு வயது இளையவர். அவர் இவளை மேடம் என்கிறார், இவள் அவரை சார் என்கிறாள்.

விளக்கை அணைத்த பிறகு ஒளி எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று கருவி அளக்கிறது. வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டால், நீல மூடித் துண்டுக்கு அதில் ஒரு பங்கின் கால்வாசிக்குச் சற்று மேல். வெள்ளை மூடித் துண்டுக்குப் பாதிக்கு மேல். இரு மடங்கு. இவ்வளவு சின்ன நேரத்தில் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்பதைத் தாணுலிங்கம் முகத்தில் பார்த்தேன்.

"ஃபார்மமைடு! மேடம், இதுதான் உங்க கடைசி அத்தியாயம். செமினாருக்கு டிசம்பர் பன்னிரண்டு தேதி வாங்கிருதேன். ஒண்ணு மட்டும் செய்யணும். இன்னொரு தடவை செஞ்சு, இதே மாதிரி வருதுன்னு காட்டிருங்க."

"விரிசல், சார்?"

"அதைப் பொறவு பாப்போம்."

நவம்பர் 8

மழை 6 மி.மீ. அதே கலவை, அதே பெட்டிகள், இருபத்து நான்கு துளை. கனி வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ பாடினாள். என்ன பாட்டு என்று கேட்டதும் நிறுத்திவிட்டாள். இனிமேல் கேட்கக் கூடாது.

நவம்பர் 12

தீபாவளி. மழை இல்லை. கனி அதிரசம் சுட்டாள், நாற்பத்திரண்டு. பதினெட்டு பக்கத்து வீடுகளுக்குப் போயிற்று. மகள் புனேயிலிருந்து பேசினாள். "அப்பா, அம்மாவைத் தொந்தரவு பண்ணாம இருக்கீங்களா?" என்றாள். உதவி செய்கிறேன் என்றேன். அதைத்தான் கேட்டேன் என்றாள்.

நவம்பர் 20

மழை 31 மி.மீ. பிலோமிக்குப் பெண் குழந்தை. படம் அனுப்பியிருந்தாள். ஏப்ரலில் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாள். நல்ல செய்தி.

நவம்பர் 27

மழை 8 மி.மீ.

இருட்டறை. நீல மூடி: மூன்று, இரண்டு, மூன்று, மூன்று. வெள்ளை மூடி: மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. விரிசல் எதிலும் இல்லை.

கனி விளக்கைப் போட்டாள். என் கையிலிருந்து தாளை வாங்கி, நான் எழுதியதைப் படித்தாள். என் எழுத்தில் தவறு இருக்கும் என்று நினைத்தாள் போலும். தவறு இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

நவம்பர் 29

மழை இல்லை. ஃபார்மமைடு புட்டியின் தேதியைச் சரிபார்த்தாள். ஊற்றிய அளவுகளைச் சரிபார்த்தாள். அமிலத்தைச் சரிபார்த்தாள். தன் கையெழுத்தைச் சரிபார்த்தாள். "நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன். முதல் தடவை என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல," என்றாள். முப்பத்தோரு வருடம் ஆய்வக நோட்டு திருத்தியவள்.

டிசம்பர் 1

"மழையா இருக்குமோ?" என்றாள் காலையில். "உங்க டைரியில அக்டோபர்ல எந்தெந்த நாள் எவ்வளவு மழைன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். எல்லா நாளும் பார்த்தேன். மழை அளவுகளைச் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

மழை 4 மி.மீ.

டிசம்பர் 2

மழை 22 மி.மீ.

டிசம்பர் 3

மழை 9 மி.மீ. ஞாயிறு. இருந்தாலும் கல்லூரிக்குப் போய், காவலாளியிடம் சாவி வாங்கி, இருட்டறை மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். கைக்குட்டை அங்கேதான் இருந்தது. இளஞ்சிவப்பு. மூடிவிட்டு வந்தேன்.

மதியம் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 4

மழை 2 மி.மீ. பத்தரை மணிக் காபி.

"கனி, அக்டோபர் பதினெட்டுல ஒரு விஷயம் எழுதிருக்கேன். படிக்கட்டுமா?"

"படிங்க."

மணிகளைப் பற்றிய வரிகளை மட்டும் படித்தேன். அவள் காபியைக் கீழே வைத்தாள்.

"எந்தச் சட்டி?"

"அப்பளம் பொரிக்கிறது."

"ஐயையோ. அதுல கோபால்ட் இருக்குங்க. அதனாலதான் அது நீலமே. விஷம்! அந்தச் சட்டியிலதான தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன்?"

"நல்லாக் கழுவித்தான் வச்சேன்."

"ஊருக்கெல்லாம் குடுத்தோமே!"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. எனக்கும் சந்தேகம் இருந்துச்சு, காலையில ஒவ்வொரு வீடா பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவள் எழுந்து ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "எத்தனை கிராம் இருக்கும்?" என்றாள். கையைக் குவித்துக் காட்டினேன். தராசில் போட்டுக் காட்டச் சொன்னாள். இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து போட்டோம். எண்பத்தாறு. எந்தத் தேதியில் வைத்தேன், எந்தத் தேதியில் எடுத்தேன், எந்த ஓரம் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் டைரியில் இருந்தது.

"ஒரே அலமாரி, ஒரே அறை, ஒரே காத்து. அதனால தண்ணி ரெண்டு பெட்டியிலயும் ஒரே அளவுதான் இருக்கும்னு நினைச்சேன். வேகமா உலர்ந்ததாலதான் அஞ்சு விரிசல் விட்டிருக்கு. அப்பவே யோசிச்சிருக்கணும்." கைக்குட்டையை உருட்டிப் பார்த்தாள். "இது என்னதுன்னு தெரியுமா? இதுவும் சிலிக்கா ஜெல்தான். உள்ள ஒரு உலோகம். ஈரம் ஏறினா நிறம் மாறுது. என் ஆராய்ச்சியைத்தான் நீங்க அடுப்புல வச்சு வறுத்திருக்கிய."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"என்னைக்குத் தெரியும் உங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"மூணு நாளா?"

"ஆமா."

"மூணு நாளும் மழை அளவு மட்டும் சொன்னிய."

ஏன் தாமதித்தேன் என்று அவள் கேட்கவில்லை.

அன்றைக்கு அதற்கு மேல் என்னோடு பேசியது வேலைப் பேச்சு மட்டும். ஃபார்மமைடுதான் காரணம் என்று குழு முன் சொன்னால் அது பொய். காரணம் தெரியாது என்றால் அத்தியாயம் இல்லை, அத்தியாயம் இல்லாவிட்டால் செமினார் இல்லை. புதிதாக ஊற்றி உலர வைக்க மூன்று வாரம் வேண்டும். எட்டு நாள்தான் இருக்கிறது.

"ஒரு வழி இருக்கு," என்றாள். "பிரகாசமான ஏழு துண்டு என்கிட்ட இருக்கு. அதுல நாலைத் தண்ணிக்கு மேல மூடி வச்சு ஈரம் ஏத்துவோம். வெளிச்சம் குறையணும். பொறவு உலர்த்தினா திரும்ப வரணும். இன்னொரு பக்கம், நீல மூடி முதல் தொகுதியை மணிகளோட வைப்போம். அதுல ஃபார்மமைடே இல்ல. அதுவும் பிரகாசமானா முடிஞ்சது."

"ஈரம் ஏறினா உடையாதா?"

"உடையும்."

"ஒன்பது வருஷத்துல வெளிச்சமா வந்தது இந்த ஏழுதான், கனி."

"அதனாலதான் நாலு. ஏழையும் இல்ல."

மணிகளை ஆய்வக உலையில் வறுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. அலமாரியில் ஒரு சீட்டு ஒட்டினாள்: 'எதைத் தொடும் முன்பும் கேட்கவும்.' பெயர் போடவில்லை.

டிசம்பர் 6

மழை 14 மி.மீ.

காலை இருட்டறை. ஈரம் ஏற்றிய நான்கில் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. மற்ற மூன்று: நான்கு, மூன்று, மூன்று. போன மாதம் எட்டும் ஒன்பதுமாக இருந்தவை. தன் கையாலேயே அணைத்துவிட்டாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் எண்ணைச் சொன்னது. நான் எழுதிய வரிகளில் மட்டும் இன்று ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது.

மூன்றையும் நீல மணிகளோடு வைத்து மூடினாள்.

டிசம்பர் 8

மழை இல்லை. திருநெல்வேலி போய்த் தாணுலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க எந்தப் பத்திரிகையில இருந்தீங்க?"

சொன்னேன்.

"நல்லவேளை, அங்கயே முப்பத்து நாலு வருஷம் இருந்தீங்க," என்றார். கனியிடம், "தண்ணி ஒளியைக் குறைக்கும்ங்கிறது புதுசு இல்லையே, மேடம்," என்றார்.

"புதுசு இல்ல சார். ஆனா நாம சொல்லப் போன காரணம் தப்பு. இது சரி. அதே துண்டு அணைஞ்சு திரும்ப வந்தா, எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு வெளிச்சம்னு எடையோட சேர்த்துச் சொல்லலாம்."

"திரும்ப வந்தா," என்றார் அவர்.

டிசம்பர் 11

மழை 1 மி.மீ.

காலை ஏழரைக்கே கல்லூரி. பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் மூச்சு மட்டும் கேட்டது. முதலில் நீல மூடித் துண்டுகள்: ஆறு, ஏழு, ஏழு. பிறகு அந்த மூன்று.

"எட்டு," என்றாள்.

எழுதினேன்.

"எட்டு."

எழுதினேன்.

மூன்றாவதற்கு அவள் எண் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக் குப்பியை அதில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க," என்றாள். உள்ளங்கை முழுவதும் சிவப்பு. ரேகை தெரிந்தது.

"ஒன்பது," என்றேன்.

"எட்டரை," என்றாள். "ஆசைப்படாதிய."

வெளியே வந்ததும் டைரியைக் கேட்டாள். ஆய்வுச் சுருக்கத்தில் பின்னிணைப்பாக அக்டோபர் 18-ஆம் தேதிப் பக்கத்தின் நகல் வேண்டுமாம். மணி வைத்த தேதிக்கு வேறு ஆதாரம் கிடையாது. அந்தப் பக்கத்தில் வேறு விஷயமும் இருக்கிறது, மணி வரிகளை மட்டும் வெட்டித் தருகிறேன் என்றேன். வாங்கி முழுவதும் படித்தாள். ஒரு முறை படிக்கிற நேரத்தைவிட அதிகம் எடுத்துக்கொண்டாள். கை தானாக வலது காதுக்குப் போனது.

"வெட்டக் கூடாது. பாதிப் பக்கம் ஒட்டினா தரவைத் திருத்தின மாதிரி," என்றாள்.

டிசம்பர் 12

மழை இல்லை. காற்றில் ஈரம் எழுபத்தொன்பது.

பல்கலைக்கழகக் கருத்தரங்கு அறை. குழுவில் தாணுலிங்கமும் வெளியிலிருந்து வந்த இரண்டு நிபுணர்களும். ரெஜினா விடுப்புப் போட்டு வந்திருந்தார். நான் கடைசி வரிசை. கனி ஐம்பது நிமிடம் பேசினாள். ஃபார்மமைடு பற்றித் தான் முதலில் முடிவு செய்தது தவறு என்பதைப் பத்தாவது நிமிடத்திலேயே சொல்லிவிட்டாள். அணைந்து திரும்ப வந்த மூன்று துண்டுகளின் எண்களைத் திரையில் காட்டியபோது, நிபுணர்களில் வயதான அம்மையார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

கேள்வி நேரத்தில் அவர்தான் பின்னிணைப்பைப் புரட்டினார்.

"உலர்த்தும் மணி வச்சதுக்கு இந்தக் கையெழுத்துப் பக்கம்தான் ஆதாரமா?"

"ஆமாம், மேடம்."

"எழுதினவர் நம்பகமானவரா?"

கனி கடைசி வரிசையைப் பார்த்தாள். "பார்த்ததை மட்டும் எழுதுவார், மேடம். சில சமயம் சொல்ல மூணு நாள் ஆகும்."

அந்த அம்மையார் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். சட்டி வரியில் சிரித்தார். மறுபடி மேலே போனார். "காதுக்குப் பின்னால ஒரு மச்சம்னு இருக்கு. முப்பத்தோரு வருஷம்னு இருக்கு. இது எந்த அத்தியாயத்துல வருது?"

ரெஜினா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் மேசையைப் பார்த்தேன்.

"அது வேற ஆய்வு, மேடம்," என்றாள் கனி. "அதுக்குக் கடைசித் தேதி இல்ல."

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று மூவரும் கையெழுத்திட்டார்கள். மணி ஒன்று இருபது.

டிசம்பர் 13

மழை 5 மி.மீ. புதுச் சட்டி வாங்கினேன்.

கல்லூரியில் பத்தரைக்குக் காபி வந்தது. பிலோமி வந்த பிறகும் இருட்டறைக் கணக்கு எழுத ஆள் வேண்டும், அவளால் இருட்டில் எழுத முடியாது என்றாள் கனி. மே மாதம் வரைக்கும்தானே என்றேன். மே வரைக்கும்தான் என்றாள்.

கிளம்பும்போது துறை வாசலில் நின்றாள். பெயர்ப் பலகையைக் காட்டி, "பெயின்டர் விட்ட இடம் போதுமா?" என்று கேட்டாள்.

பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து அளந்தேன். மூன்றரை அங்குலம். போதும் என்றேன்.